சர்தார் கட்டிவிட்ட தலைப்பா

எங்கள் அப்புவின் வலது கைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊரில் குறிப்பிட்ட சில பேரைக் கண்டால் அந்தக் கை தானாக எழும்பித் தலைக்குப் போகும். கட்டியிருக்கிற துவாயை உருவி அக்குளில், கமக்கட்டுக்குள் செருகும். அப்பு யோசித்துச் செய்வதில்லை. சைக்கிளில் வரும்போது எதிரே அவர்கள் வந்தால் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு மற்றக் கையால் உருவுவார். ஒருமுறை அப்படியே வேலிக்கரையில் விழுந்தும் இருக்கிறார். விழுந்து எழும்பியவர் முதலில் செய்த வேலை, துவாய் தலையில் இல்லை என்று தடவிப் பார்த்ததுதான். இதற்கு ஊரில் மரியாதை என்று பெயர். எனக்கு அதைக் காணும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"என்னத்தைக் களவெடுத்தனீங்கள் அப்பு, உப்பிடி ஒளிக்கிறியள்?" என்று கேட்பேன். அப்பு சிரிப்பார். கை போகிறது, தான் என்ன செய்வது என்பார்.

அப்பு, என் தகப்பன், பனை ஏறிக் கள்ளுச் சீவுகிறவர். எங்கள் ஊர் உடுவிலுக்குப் பக்கத்தில், தோட்டமும் பனங்காணியும் கலந்து கிடக்கிற ஊர். நடுவில் அம்மன் கோயில். அந்தக் கோயிலின் கதவை எங்கள் தெரு ஆட்களுக்கு நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே திறந்துவிட்டார்கள். உள்ளே போகலாம், கும்பிடலாம், அர்ச்சனைத் தட்டம் நீட்டலாம். சித்திரைப் பௌர்ணமிப் பறுவத்துக்கு முதல்நாள் தேர் ஓடும்போது வடத்தை மட்டும் தொடக்கூடாது. அப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைத்திருந்தால் கிழித்தாவது எறிந்திருக்கலாம். தேர் வரும்போது எங்கள் ஆட்கள் தெற்கு வீதி வேலியோடு ஒட்டிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான்.

அப்புவுக்கு இந்த உலகத்தில் வேறு பேராசை எதுவும் கிடையாது. அந்த வடத்தை ஒருமுறை பிடிக்க வேண்டும். "எத்தினை பனை ஏறின கை. அம்மாளின்ரை கயிறு ஒருக்கால் இதுக்குள்ளை வந்தால் காணும்," என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். அந்தக் கையைத்தான் சைக்கிளில் போகிறவர்களுக்காகத் தலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இந்தியப் புலமைப்பரிசில் கிடைத்து, வடக்கே போய் விஞ்ஞானம் படித்துவிட்டு வந்தவள் நான். ஹிந்தியை விடுதிச் சமையற்காரர்களிடமும் பஸ் கொண்டக்டர்களிடமும் சண்டை பிடித்துப் பிடித்தே கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியபோது அந்த ஹிந்தியால் ஐந்து சதத்துக்கும் பிரயோசனம் இருக்கவில்லை. பிறகு இந்தியன் ஆமி வந்தது.

ஆமியைப் பற்றி நல்ல கதை சொல்லப்போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வந்த வருட ஐப்பசிச் சண்டையில் எங்கள் ஊர் பட்டது ஊருக்குத் தெரியும். அந்தச் சீருடையில் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். நான் சொல்லவருவது அந்தச் சீருடைக்குள் இருந்த ஒரு மனிதரைப் பற்றி, அவருடைய கோயிலைப் பற்றி.

சண்டை ஓய்ந்த பிறகு கோயில் தெற்கு வீதியில் ஒரு சின்னக் காம்ப் போட்டார்கள். இடம், 'லண்டன் வீடு' என்று ஊரார் சொல்கிற பெரிய வீடு. கோயில் தர்மகர்த்தாவின் தம்பி கட்டியது. அவர் குடும்பத்தோடு லண்டனுக்குப் போன பின் பூட்டிக் கிடந்தது. அதற்குள் சீக்கியப் படையினர் வந்து இறங்கினார்கள். வீதியின் குறுக்கே முட்கம்பிச் சுருளும் மண்மூடையும் வந்தன. அடுத்த வருடம் தேர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, தர்மகர்த்தா ஒருகை பார்ப்பதென்று கிளம்பினார். அவர் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். அவருடைய இங்கிலீசு எங்கள் பகுதியில் பேர்போனது. உடுத்திக்கொண்டு காம்புக்குப் போய் அந்த இங்கிலீசில் விளாசியிருக்கிறார். காம்புக்குப் பொறுப்பாக இருந்த சுபேதாருக்கோ இங்கிலீசு ஒரு சொல்லும் தெரியாது. தண்ணீர் கொடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் பின்னேரம் தர்மகர்த்தா எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே வந்து நின்றார். அப்புவின் கை தன் வேலையைச் செய்தது.

"ரீச்சர் நிக்கிறாவோ?" என்று கேட்டார். அதுவரைக்கும் அவருக்கு நான் இன்னாரின் மோள். ஹிந்தி தேவைப்பட்டதும் ரீச்சராகிவிட்டேன்.

வருகிறேன் என்றேன். ஆனால் ஆமிக் காம்புக்கு ஒரு பெண்பிள்ளை தனியாக வரமுடியாது, அப்புவும் வருவார் என்றேன். தர்மகர்த்தாவின் முகம் கறுத்தது.

"நான் கூட வாறன்தானே?" என்றார்.

"நீங்கள் எனக்கு என்ன முறை, ஐயா?" என்று கேட்டேன்.

எனக்கு அவர் ஒரு முறையும் ஆகமுடியாது என்பதில்தானே அந்த ஊரே நின்றுகொண்டிருந்தது. மூன்று பேருமாகப் போனோம்.

சுபேதாரை ஊரில் எல்லோரும் சர்தார் என்றே சொல்வார்கள். நரைத்த தாடி, பெரிய வயிறு, மாமரத்தடியில் ஒரு கதிரை. நான் ஹிந்தியில் வாயைத் திறந்ததும் மனிதர் எழும்பி நின்றுவிட்டார். தேர் என்றால் என்ன, எவ்வளவு பெரியது, எந்த வழியாகச் சுற்றும் என்று எல்லாம் சொன்னேன். மேலிடத்துக்குத் தான் எடுத்துச் சொல்லலாம், ஆனால் முதலில் தனக்கு விளங்க வேண்டும் என்றார். உங்கள் வருடப்பிறப்புக்கு முதல்நாள் எங்கள் வைசாகி, இந்த வீட்டு மண்டபத்தில்தான் எங்கள் குருத்துவாரா, வந்து பாருங்கள், எங்களோடு சாப்பிடுங்கள், பிறகு உங்கள் திருவிழாவைச் சொல்லுங்கள், முன்பின் தெரியாத சாமிக்கு நான் எப்படிக் கம்பியைத் திறப்பது என்று கேட்டார்.

எனக்கு நாக்குச் சும்மா இருக்காது. எங்கள் வீதியில் கம்பி போடும்போது இந்த யோசனை எங்கே போயிருந்தது என்று ஹிந்தியில் கேட்டேன். அவர் முகம் மாறியது. தர்மகர்த்தா பதறிப்போய், "என்ன பிள்ளை சொன்னனி?" என்றார். சுகம் விசாரித்தேன் என்றேன்.

சர்தார், காவலுக்கு நின்றவருக்குக் கேட்காதபடி குரலைத் தணித்து, "படையின் சப்பாத்துப் பட்ட கோயில் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும், மகளே," என்றார். பொற்கோயிலுக்குள் ஆமி புகுந்த எண்பத்துநாலில் நான் வடக்கே இருந்தவள். அவர் எதைச் சொல்கிறார் என்று விளங்கியது.

வைசாகி அன்று காலை தர்மகர்த்தா தோய்ந்து, திருநீறு பூசி, பட்டுச் சால்வையோடு வந்தார். அப்பு வெளுத்த வேட்டியும் சேட்டும் புதுத் துவாயும். கேற்றடியில் தர்மகர்த்தா என்னைப் பார்த்து, "கோயில்தானே?" என்று கேட்டார். ஓம், கோயில்தான் என்றேன். அவ்வளவுதான். மனிதர் போட்டிருந்த சேட்டைக் கழற்றி மடித்து மதிலில் வைத்தார். சால்வையை இடுப்பில் கட்டினார். அவர் செய்ததைப் பார்த்து அப்புவும் செய்தார். நல்லூர்க் கந்தனிடம் போனாலும் எங்கள் ஆண்கள் இப்படித்தான் போவார்கள், அதில் அவர்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேற்றடி வேறு இடம். எங்கள் பெடியங்களை மறித்துச் சேட்டைக் கழற்றச் சொல்லி, தோளில் துவக்குச் சுட்டுப் பழகிய தழும்பு இருக்கிறதா என்று பார்த்த இடம் அதுதான்.

உள்ளேயிருந்து சர்தார் ஓடி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இந்தப் பெரியவர்களின் உடுப்பைக் கழற்றச் சொன்னது யார் என்று சென்றிக் காவலில் நின்றவரைப் பிடித்துக் குதறினார். அந்த ஆளோ, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணினார். நான் இடையில் புகுந்து, இது உங்களுக்காகக் கழற்றியது இல்லை, சாமிக்காகக் கழற்றியது, எங்கள் ஊரில் சாமிக்கு முன்னால் ஆண்கள் மேலுடுப்போடு போகமாட்டார்கள் என்றேன். சர்தாருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் வயிறு குலுங்கச் சிரித்தார். சென்றிக்காரரின் தோளில் தட்டிச் சமாதானமும் சொன்னார்.

பிறகு அவர் சொன்னதை மொழிபெயர்க்கத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். மேலுடுப்பு உங்கள் விருப்பம், ஆனால் எங்கள் குருவுக்கு முன்னால் தலையை மூடாமல் யாரும் போகமுடியாது என்றார்.

"தலையை மூடிக்கொண்டு சாமியிட்டைப் போறதோ?" தர்மகர்த்தா விறைத்துப்போய் நின்றார். எங்கள் பக்கத்தில் தலையில் துணியோடு சாமியைக் கும்பிடப் போனால் ஐயர் விரட்டுவார். மனிதர் வீதியையும் முட்கம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். தேர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். இடுப்பிலிருந்த பட்டுச் சால்வையை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டார். புகையிலையும் உள்ளே ஆகாது என்றார்கள். தர்மகர்த்தா மடியிலிருந்து ஒரு சுருட்டு எடுத்து மதிலில் வைத்தார், அப்புவும் ஒன்று எடுத்து வைத்தார். அன்றைக்குச் சமபந்தியில் முதலில் உட்கார்ந்தது அந்தச் சுருட்டுகள்தான்.

அப்பு துவாயைத் தலையில் கட்டிக்கொண்டு திரும்பினார். எதிரே தர்மகர்த்தா. கை போனது. துவாய் கமக்கட்டுக்குள் வந்தது. சர்தார் தலையைத் தொட்டுக் காட்டினார். அப்பு அவசரமாகத் திரும்பக் கட்டினார். தர்மகர்த்தா இருமினார். அந்தப் பக்கம் பார்த்த உடனே துவாய் மறுபடி கமக்கட்டில். பாவம் அப்பு, சாமி ஒன்று சொல்கிறது, கை ஒன்று சொல்கிறது, வியர்த்துவிட்டது அவருக்கு.

உன் தகப்பன் ஏன் கழற்றிக் கழற்றி எடுக்கிறார் என்று சர்தார் என்னிடம் கேட்டார். நான் தர்மகர்த்தாவைப் பார்த்தேன். அவருக்கு ஹிந்தி தெரியாது. அவருக்கு முன்னால், அவருடைய தம்பியின் வீட்டு வாசலில், நல்ல உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த மனிதரையும் இவருடைய ஆட்களையும் கண்டால் எங்கள் ஆட்கள் தலையில் துணி வைத்திருக்கக்கூடாது, என் தகப்பன் இந்த வீட்டுப் பனைகளில் வருடக்கணக்காக ஏறியிருக்கிறார், பின்னாலுள்ள குசினிப் பக்கம் தவிர முன்வாசலைக் கண்டதில்லை என்றேன். தர்மகர்த்தா நான் கோயில் விசயம் கதைப்பதாக நினைத்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சர்தார் ஒரு உபதேசமும் செய்யவில்லை. உள்ளே போய் நீளமான செம்மஞ்சள் துணி ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு நுனியைச் சென்றிக்காரரைப் பிடிக்கச் சொல்லி இழுத்து மடித்தார். அப்புவைக் கதிரையில் இருத்தி, தானே தலையைச் சுற்றி, மடிப்பு மடிப்பாக, காதுக்கு மேலால் இறுக்கிக் கட்டிவிட்டார். நுனியை உள்ளே செருகினார். எழும்பி நின்ற அப்புவை எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. எங்கேயோ ஒரு சமஸ்தானத்து ராசா எங்கள் அப்புவின் காதுகளோடு நிற்பது போல இருந்தது.

கால் கழுவினோம். நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். அப்பு முன்வாசல் படியில் ஒருகணம் நின்று தர்மகர்த்தாவைப் பார்த்தார். தர்மகர்த்தா முகட்டைப் பார்த்தார். அப்பு வலது காலை எடுத்து உள்ளே வைத்தார்.

மண்டபத்தில் தம்பியாரின் கல்யாணப் படம் தொங்கியதென்று தர்மகர்த்தா காட்டிய சுவரில் இப்போது வெறும் ஆணி. எங்கள் நல்லநாள் வீடுகளில் வெள்ளை கட்டுவது போல முகட்டில் துணி கட்டியிருந்தார்கள். அதன் கீழே மெத்தைமேல் ஒரு பெரிய புத்தகம், பட்டுப் போர்த்தியபடி. ஒருவர் பின்னால் இருந்து சாமரம் வீசினார். இரண்டு பேர் ஆர்மோனியத்தோடு பாடினார்கள். படையினர் எல்லோரும் துவக்கை வெளியே வைத்துவிட்டு நிலத்தில் இருந்தார்கள். துவக்கு இல்லாமல் அவர்களை அன்றைக்குத்தான் பார்த்தேன். அனேகம் பேர் என் வகுப்புப் பிள்ளைகளை விடக் கொஞ்சம்தான் மூத்தவர்கள்.

மூலஸ்தானம் எங்கே என்று தர்மகர்த்தா என் காதுக்குள் கேட்டார். நான் சர்தாரிடம் கேட்டேன். புத்தகம்தான் குரு என்றார் அவர். விடியற்காலையில் பாடித் திறப்பார்கள், இரவில் பாடி மூடி, தனியறையில் படுக்கையில் வைத்துப் போர்த்துவார்கள் என்றார். தர்மகர்த்தாவின் முகம் சட்டென்று தெளிந்தது.

"பள்ளியறைப் பூசை," என்றார். "எங்கடை அம்மாளுக்கும் உதுதானே செய்யிறம்."

பிறகு மனிதர் நன்றாகச் சம்மணம் கட்டி உட்கார்ந்தார். எனக்கே அவரில் ஒரு சின்னப் பட்சம் வந்தது. ஆனால் அது கனநேரம் நிலைக்கவில்லை. வைசாகி என்ன பண்டிகை என்று கேட்டேன். அறுவடை முடிகிற காலம் என்றார் சர்தார். இதே நாளில் பத்தாவது குரு கூட்டத்தின் நடுவே நின்று உயிர் தர யார் வருகிறீர்கள் என்று கேட்டார். ஒவ்வொருவராக ஐந்து பேர் எழும்பினார்கள். ஒருவர் கடைக்காரச் சாதி, ஒருவர் கமக்காரர், ஒருவர் சீலைக்கு அச்சுக் குத்துகிறவர், ஒருவர் தண்ணீர் சுமக்கிறவர், ஒருவர் முடி வெட்டுகிறவர். ஐந்து பேருக்கும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவர்கள் முன்னால் கைகட்டி நின்று, அதே கிண்ணத்தில் தனக்கும் கேட்டுக் குடித்தார்.

ஒரு சொல்லும் குறையாமல் தமிழில் சொன்னேன். நாவிதர் வந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியும் சொல்லியிருப்பேன். தர்மகர்த்தா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"உது முழுக்க அவர் சொன்னதோ, இல்லாட்டி நீ சேக்கிறியோ?" என்று கேட்டார்.

நான் சேர்ப்பதென்றால் இதைவிட நன்றாகச் சேர்ப்பேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அப்பு என்னை ஒரு பார்வை பார்த்தார். விட்டுவிட்டேன்.

கோதுமை மாவும் சீனியும் நெய்யும் போட்டுக் கிண்டிய பிரசாதம் வந்தது. இரண்டு கையையும் சேர்த்து ஏந்தி வாங்க வேண்டும். நெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. அதற்குப் பிறகு பின்விறாந்தையில் பந்தி. நீளப் பாய்கள், எல்லோருக்கும் ஒரே நிரை. அங்கேதான் தர்மகர்த்தா தான் கொண்டுவந்த ஆயுதத்தை எடுத்தார். தனக்கு இன்றைக்கு விரதம், ஒரு வாழைப்பழம் போதும் என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். சர்தார் சிரித்தார். எங்கள் மார்க்கத்தில் விரதம் கிடையாது, பசித்தவனுக்குச் சோறு போட்டுத் தானும் உண்பதுதான் பூசை, பந்தியில் இருக்காமல் குருவின் வீட்டை விட்டு யாரும் போவதில்லை என்றார். அதையும் சொன்னேன். தர்மகர்த்தா இந்தமுறை நான் சேர்க்கிறேனா என்று கேட்கவில்லை, மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார்.

அப்பு தன் பாட்டில் விறாந்தைத் தொங்கல் மூலைக்கு, தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். சர்தார் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். நிரையில் அடுத்த இடம் எதுவோ அதில் இருத்தினார். அடுத்த இடம் தர்மகர்த்தாவின் பக்கத்தில் இருந்தது. அப்பு முழங்கால் முட்டும் தூரத்தில் அவரைக் கண்டார். கை எழும்பிப் போனது. துவாய் என்றால் ஒரே இழுவையில் வந்திருக்கும். இது மடிப்பு மடிப்பாய்ச் சுற்றி இறுக்கிய தலைப்பா. கை முன்னால் தடவியது, பின்னால் தடவியது, நுனி அகப்படவில்லை. கொஞ்ச நேரம் தலையிலேயே நின்றுவிட்டுக் கீழே வந்து மடியில் கிடந்தது. அதே நேரத்தில் சர்தார் ரொட்டிக் கூடையோடு வந்தார். இரண்டு கையாலும் வாங்க வேண்டும் என்றார். அப்பு ஏந்தினார். பக்கத்தில் தர்மகர்த்தாவும் ஏந்தினார். நாலு கையும் ஒரே மாதிரி நீண்டிருந்தன.

அவர்கள் சாப்பிட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன். தர்மகர்த்தா பருப்பு இரண்டாம் தரம் வாங்கினார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கை கழுவிய பிறகு சர்தார் தன் கேள்விகளுக்கு வந்தார். தேர் என்ன உயரம், எத்தனை மணிக்குக் காம்பைத் தாண்டும், துணைக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, கடைசியாக, இழுப்பது யார் என்றார்.

"ஊரிலை எல்லாரும் இழுப்பினம்," என்றார் தர்மகர்த்தா.

எல்லோருமா என்று சர்தார் திருப்பிக் கேட்டார். "ஓம், எல்லாரும்," என்றார் தர்மகர்த்தா, சந்தோசத்தில். நான் அப்படியே சொன்னேன். சர்தார் என்னைப் பார்த்தார், அப்புவைப் பார்த்தார், சரி என்றார்.

அப்பு அந்தத் தலைப்பாவோடுதான் வீட்டுக்கு நடந்து வந்தார். எங்கள் தெருவே படலைக்கு வந்துவிட்டது. அம்மா வாயில் கைவைத்துக்கொண்டு நின்றா. படுக்கும்போதும் கழற்றமாட்டேன் என்று அடம்பிடித்தவரை மல்லுக்கட்டித்தான் கழற்ற வைத்தோம்.

தேரன்று முட்கம்பிச் சுருளைக் காணவில்லை. வீதியைப் படையினரே கூட்டித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். காம்ப் வாசலில் தண்ணீர்ப் பந்தல் போட்டுச் சீனித் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதுவும் அவர்கள் பழக்கமாம். சர்தாரும் நாலைந்து பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார்கள். கொடிகாமத்திலிருந்து புது வடம் வந்திருந்தது. அம்மாளைத் தேரில் ஏற்றிச் சிதறு தேங்காய் அடித்தார்கள். எல்லாம் இருந்தது, இழுக்கத்தான் ஆள் போதவில்லை. இளந்தாரிகளில் பாதி வெளிநாட்டில், மீதி இருக்குமிடம் யாருக்கும் தெரியாது. வடத்தில் நின்றவர்கள் அனேகமாகப் பென்சன்காரர்கள்.

கிழக்கு வீதியை ஒருமாதிரி தாண்டிவிட்டார்கள். தெற்கு வீதிக்குத் திரும்பும் முடக்கில், காம்புக்கு நேரே, வலப்பக்கச் சில்லு மணலுக்குள் இறங்கியது. இழுத்தார்கள். அரோகரா போட்டு இழுத்தார்கள். தேர் அசையவில்லை. வேலியோரம் எங்கள் தெரு முழுக்க நின்றது. பனை ஏறிய தோள்கள், கிணறு வெட்டிய தோள்கள், எல்லாம் கைகட்டிக்கொண்டு நின்றன. நடுவில் அப்பு, தானே கோணலாய்க் கட்டிய செம்மஞ்சள் தலைப்பாவோடு. தர்மகர்த்தா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உழவு மெசின் ஒண்டு பிடிச்சுக் கட்டி இழுப்பம்," என்றார்.

அம்மாளுக்கு மெசின். எங்கள் கைக்குப் பதில் மெசின்.

சர்தார் என்னைக் கூப்பிட்டார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். சொன்னேன். அவர் வேலிப் பக்கம் கையை நீட்டி ஒரு கேள்வி கேட்டார். இதை உன் பெரியவரிடம் கேள் என்றார். நான் தேருக்கு முன்னால் போய் நின்றேன். மேளம் நின்றிருந்தது. ஊர் முழுக்கக் கேட்கத்தான் கேட்டேன்.

"ஐயா, எல்லாரும் இழுப்பினம் எண்டு அண்டைக்குச் சொன்னனீங்களாம். அப்ப வேலியோடை நிக்கிற ஆக்கள் ஆர் எண்டு கேக்கிறார்."

நான் சேர்க்கிறேனா என்று அவரால் கேட்க முடியவில்லை. சர்தாரின் நீட்டிய கை இன்னும் வேலியைக் காட்டிக்கொண்டே இருந்தது.

துவக்கு வைத்திருக்கிறவன் கேட்டதால்தான் நடந்தது என்று பிறகு சிலர் கதைத்தார்கள். அவர்கள் அன்றைக்கு அப்புவின் முகத்தைப் பார்க்கவில்லை. யாரும் வா என்று கூப்பிடவில்லை. அப்பு வேலியை விட்டு நடந்து வந்தார். தர்மகர்த்தாவைத் தாண்டினார், கை அசையவில்லை. தேருக்கு முன்னால் வந்து நின்று அம்மாளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலைப்பாவின் நுனியைத் தேடி எடுத்தார். அவசரமில்லாமல், சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். அவ்வளவு நீளத் துணியையும் மடித்து இடுப்பில் இறுக்கிக் கட்டினார். குனிந்து வடத்தைத் தூக்கினார். தலையிலிருந்த துணியை அவர் அம்மாளுக்காக அவிழ்த்ததை ஊர் முழுக்கக் கண்டது.

எங்கள் தெரு வேலியை விட்டுப் பாய்ந்தது. நானும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெண்கள் பக்க வடத்தைப் பிடித்தேன். அம்மாளோடு எனக்குப் பழைய கோபங்கள் இருந்தன, அதையெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அப்புவின் தொண்டையிலிருந்து ஒரு அரோகரா வந்தது. அந்தச் சத்தம் அந்த மனிதருக்குள் இருந்தது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சில்லு முனகியது, மணலைத் தள்ளியது, ஏறியது. தேர் கிளம்பியது. காம்பைத் தாண்டும்போது பார்த்தேன், சர்தார் கைகூப்பிக்கொண்டு நின்றார், தலைப்பாவோடுதான். சாமிக்கு முன்னால் தலையை மூடிக்கொண்டு நிற்கிறாரே என்று யாரோ முணுமுணுத்தார்கள். அது அவர்களின் மரியாதை என்று அதட்டியது வேறு யாரும் இல்லை, தர்மகர்த்தா. அவரும் அப்போது வடத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், அப்புவுக்கு ஆறேழு ஆள் பின்னால்.

வெய்யில் ஏற முன்னரே தேர் வீதி சுற்றி முடித்து இருப்புக்கு வந்துவிட்டது. அப்பு உள்ளங்கை உரிந்துபோய் வந்தார். அம்மா தேங்காயெண்ணெய் கொண்டு வந்தா, பூச விடவில்லை. எரியட்டும் என்றார்.

அடுத்த வருடம் காம்ப் போய்விட்டது. மண்டபத்தில் முகட்டுத் துணியைக் கட்டிய ஆணிகள் மட்டும் மிஞ்சின. சர்தார் எந்த ஊருக்குப் போனார் என்று எனக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து ஊரே எழும்பிக் கொடிகாமப் பக்கம் நடந்தபோது அப்பு சட்டி பானைகளை விட்டுவிட்டு அந்தச் செம்மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டார்.

ஆனால் நான் சொல்லி முடிக்க விரும்புவது தேருக்கு அடுத்த கிழமையை. அப்புவும் நானும் சந்தையிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம். அப்புவின் தலையில் அந்தத் துணி. எதிரே தர்மகர்த்தா சைக்கிளில் வந்தார். நான் அப்புவின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பியது. தலைவரைக்கும் போனது. தலைப்பாவை ஒருமுறை இறுக்கிச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கியது.

"என்ன, தூரமோ?" என்று அப்புதான் முதலில் கேட்டார்.

தர்மகர்த்தா பிரேக்கைப் பிடித்தார்.

"இல்லை," என்றார், "உதிலை சந்தை மட்டும்."